கோவலன் கொலையும் சயாம் பாதையும்

தமிழ் விழா மேடைகளிலே பலமுறை நடந்து பழகிப்போன பட்டிமன்றம் ஒன்று உண்டு. கோவலன் கொலைக்குப் பெரிதும் காரணமானது பாண்டியனா, பொற்கொல்லனா, ஊழ்வினையா என்பது அதன் தலைப்பு. மூன்று அணியினரும் முழங்குவர், அவையோர் கைதட்டுவர், நடுவர் எல்லோரையும் பாராட்டிவிட்டு, நேரத்தைக் கருதி ஏதேனும் ஒரு தீர்ப்பைச் சொல்லி முடிப்பார். அத்தகைய மேடைகளில் நானும் அணித்தலைவனாக நின்றிருக்கிறேன். ஒருமுறை பொற்கொல்லன் பக்கம் பேசி வென்றதும் உண்டு. அந்தத் தலைப்பே பிழையானது என்று இப்போது சொல்ல வந்தமைக்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

பிழை என்றது எதனை? குற்றப் பொறுப்பு என்பது ஒரு படி அரிசி போன்றது, ஒருவனுக்கு முக்காற்படி அளந்து கொடுத்தால் மற்றவனுக்குக் காற்படிதான் மிஞ்சும் என்ற எண்ணத்தின்மேல் அந்தத் தலைப்பு கட்டப்பட்டிருக்கிறது. பாண்டியன் அணி வென்றால் பொற்கொல்லன் பாதி விடுதலை பெறுகிறான். பொற்கொல்லன் அணி வென்றால் பாண்டியன் ஏமாற்றப்பட்ட நல்லவனாகிறான். ஊழ் அணி வென்றாலோ எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். கற்பனைக் கதையில் இதனால் பெருந்தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் கொடுங்கோலர்களின் ஆட்சியில் நடந்த கொலைகளைப் பற்றி உலகம் வாதாடுவதும் இதே அளவைப் படியைக் கையில் வைத்துக்கொண்டுதான். 'அவர் நேரில் கொன்றாரா? அவருக்குத் தெரியுமா? கீழே இருந்தவர்கள் செய்ததற்கு அவர் என்ன செய்வார்?' என்று ஒரு சாரார்; 'எல்லாம் அந்த ஒருவனால் வந்தது' என்று மற்றொரு சாரார். மலாக்கா வட்டாரத் தோட்டங்களிலே வளர்ந்தவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் வீடுகளிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் கணக்கு இதிலே அடங்கியிருக்கிறது.

முதலில் இளங்கோவடிகள் என்ன எழுதினார் என்று பார்ப்போம். மேடையில் பேசுவோர் பெரும்பாலும் வழக்குரை காதையோடு நின்றுவிடுவர். பரல்கள் சிதறியதும் மன்னன் வீழ்ந்ததும் கேட்போர் நெஞ்சை உருக்கும் என்பது மெய்தான். ஆனால் பொறுப்பைப் பற்றிய நுண்ணிய ஆராய்ச்சி அதற்கு முந்திய கொலைக்களக் காதையிலே இருக்கிறது. அதனைப் பொறுமையோடு படிப்பவர் சிலரே.

அக்காதையிலே ஒரு கொலை எத்தனை கைகள் மாறி நடக்கிறது என்பதை அடிகள் ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார். கோப்பெருந்தேவி ஊடல் கொண்டு, தலைநோவு என்று சொல்லி அவையை விட்டு அகன்றாள். அவளைத் தணிக்க மன்னன் அந்தப்புரம் நோக்கி விரைகிறான். இடைவழியிலே பொற்கொல்லன் குறுக்கிட்டு வணங்கி, காணாமற்போன சிலம்பைத் திருடியவன் தன் குடிலிலே இருக்கிறான் என்கிறான். மன்னன் நிற்கவில்லை, வினவவில்லை, அமைச்சரையோ அறங்கூறு அவையத்தாரையோ அழைக்கவில்லை. ஊர்க்காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவருக என்று ஏவிவிட்டுப் போகிறான். இவ்விடத்தில் உரையாசிரியர்கள் வழியே வந்த ஒரு சுவையான விளக்கம் உண்டு. 'கொல்வதற்காகக் கொண்டுவருக' என்று சொல்ல நினைத்த மன்னன், வினை விளையும் காலம் ஆதலால் வாய் தடுமாறி 'கொன்று கொண்டுவருக' என்று சொல்லிவிட்டான் என்பது அது. உரையாசிரியர்களின் இரக்கம் நமக்கு விளங்குகிறது. ஆயினும் ஓர் எழுத்து வேறுபாட்டில் ஓர் உயிர் தொங்கும் ஆணையை, மனைவியின் ஊடலைத் தீர்க்கப் போகும் அவசரத்தில், நடந்துகொண்டே வழங்குபவன் வாய் தடுமாறினால் என்ன, தடுமாறாவிட்டால் என்ன? குற்றம் சொல்லிலே இல்லை, அந்த நடையிலே இருக்கிறது.

அடுத்து வருவோர் காவலர். இவர்களைப் பற்றிப் பட்டிமன்றத்தில் ஒருவரும் பேசக் கேட்டதில்லை. கோவலனைப் பார்த்தவுடன் இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே, கொல்லத் தக்கவன் அல்லனே என்று அவர்கள் ஐயுறுகிறார்கள். வெளிப்படையாகவும் சொல்லுகிறார்கள். பொற்கொல்லன் நகைத்துவிட்டு, மந்திரம், மருந்து, நிமித்தம், காலம், இடம் என்று களவு நூலின் கூறுகளை எடுத்து விரித்து ஒரு சொற்பொழிவே ஆற்றுகிறான். ஒரு காவலன் தான் முன்பு கண்ட தந்திரக் கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி, இனி என்ன செய்வது என்று தோழரைக் கேட்கிறான். ஐயம் இன்னும் தீரவில்லை. அந்த நேரத்தில், கல்வியறிவில்லாத, குடிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். முடிந்தது. ஐயுற்றவர்களில் ஒருவனாவது மன்னனிடம் திரும்பிப் போய் 'இவன் கள்வன் போலத் தெரியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். அரண்மனை ஒன்றும் கடல்தாண்டி இல்லை.

ஆக, ஏவியவன், பொய் சொன்னவன், ஐயுற்றும் நின்றவர்கள், வெட்டியவன் என்று இத்தனை பேரை அடிகள் நம் கண்முன் நிறுத்துகிறார். ஒருவரையும் அவர் விடுவிக்கவில்லை. அப்படியிருந்தும் கண்ணகி அரண்மனை வாயிலுக்குப் போகிறாள். பொற்கொல்லனின் குடிலுக்குப் போகவில்லை. இதனை என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே கேட்டுவிட்டாள்: "பொய் சொன்னது பொற்கொல்லன்தானே ஐயா, அவனைப் போய் ஏன் கேட்கவில்லை?" பொற்கொல்லனின் பொய்யால் மட்டும் ஒரு நாய்க்குட்டியைக்கூடக் கொல்ல முடியாது, அந்தப் பொய்க்கு வாளைக் கொடுத்தது மன்னனின் வாய் என்று அவளுக்கு விடை சொன்னேன். அந்த விடை இன்றும் சரி என்றே நினைக்கிறேன். முழுமையானதா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

பாண்டியன் தவறு செய்தான் என்பதில் அவன் பெருமை இல்லை. அறியும்வரை ஒருவனாக இருந்தவன், அறிந்த நொடியில் வேறொருவனாகிறான். காற்சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, அவன் பொற்கொல்லனைப் பிடித்து வரச்சொல்லவில்லை, காவலரைச் சாடவில்லை, ஊழ் என்று முணுமுணுக்கவில்லை. கள்வன் தானே என்று சொல்லி அரியணையிலேயே உயிர்விட்டான். பாண்டியனுக்காக வாதாட ஒரு வழக்கறிஞரையும் அடிகள் பின்னர் அனுப்பிவைக்கிறார். அது மதுராபதித் தெய்வம். கட்டுரை காதையிலே அத்தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று, பாண்டியர் குலம் முறை தவறாதது என்கிறது. கோவலனின் முற்பிறப்பு வினையையும் எடுத்துரைக்கிறது. அங்கே சொல்லப்படும் வார்த்திகன் கதை நம் வினாவுக்கு மிகப் பொருந்துவது. பொறாமைக்காரர் சிலரின் சொல்லைக் கேட்டு அரசு ஊழியர் வார்த்திகன் என்னும் அந்தணனைச் சிறையில் அடைத்துவிடுகின்றனர். அவன் மனைவி அழுது புரளுகிறாள். கொற்றவை கோயிற் கதவு திறக்க மறுக்கிறது. மன்னன் ஏன் என்று வினவி, நடந்ததை அறிந்து, வார்த்திகனை விடுவித்து, அறியாத ஊழியரால் தன் முறை பிறழ்ந்தது என்று சொல்லி அவனிடமே பொறுத்தருள வேண்டுகிறான். ஊர்கள் இரண்டைக் கொடுத்துத் தரையில் வீழ்ந்து வணங்குகிறான். செய்தவர்கள் கீழோர், வீழ்ந்தவன் மன்னன்.

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் ஒரு கொடுங்கோலனை அளக்க இரண்டு கேள்விகள் கிடைக்கின்றன. விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரித்தானா? தெரிந்த பிறகு என்ன செய்தான்? 'அவன் கையால் செய்தானா' என்பது மூன்றாந்தரக் கேள்வி. ஆட்சிக்கட்டிலில் இருப்பவன் தன் கையால் எதையும் செய்வதில்லை. குளத்தை வெட்டினான் என்றால் மண்வெட்டி பிடித்தவன் அவனா? குளத்துக்கு ஒரு கணக்கு, கொலைக்களத்துக்கு வேறு கணக்கு என்று வைத்துக்கொள்ள முடியாது.

இனிச் சயாம் பாதைக்கு வருவோம். செய்தி பலருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் இளைய வாசகர் பொருட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஆபத்தானதால், ஜப்பானியத் தலைமைப் படையகம் 1942-இல் ஓர் இருப்புப்பாதைக்கு ஆணையிட்டது. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும். 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் சந்தித்தன; அதே மாதம் 25-இல் திறப்பு விழா நடந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை இரண்டு லட்சத்தை ஒட்டியது என்பர். அவர்களில் மலாயாவிலிருந்து போனோர் ஏறத்தாழ 78,000 பேர் என்பது போருக்குப் பின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கு; பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர். மாண்டவர் தொகை ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. வெள்ளைக் கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், இரகசியமாக நாட்குறிப்பு எழுதியவர்களும் இருந்தார்கள். நம்மவர்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943 தொடக்கத்தில் மேலிடம் காலக்கெடுவைக் குறுக்கியது. மே மாதம் மழையோடு வாந்திபேதியும் வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பெருவாரியாக வாரிக்கொண்டு போனது அந்தக் குறுக்கிய கெடுவுக்காகவே.

இந்தப் பாதைக்குத் தலைவாசலில் நிற்பவர் தோஜோ ஹிடெக்கி. 1941 அக்டோபர் முதல் 1944 ஜூலை வரை பிரதமர். போர் அமைச்சரும் அவரே. தோக்கியோ அனைத்துலக நீதிமன்றம் 1948 நவம்பரில் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. டிசம்பர் 23-இல் அது நிறைவேறியது. அத்தீர்ப்பில் இந்தப் பாதையைப் பற்றிய பகுதி நம் இரண்டு கேள்விகளுக்கும் அப்படியே விடை சொல்வதுபோல் அமைந்திருக்கிறது. கைதிகளை அப்பாதையில் ஈடுபடுத்தலாம் என்று யோசனை சொன்னவர் தோஜோ. தங்க இடம், உண்ண உணவு, நோயுற்றோர்க்கு மருந்து ஆகியவற்றுக்குத் தக்க ஏற்பாடு செய்யாதவரும் அவரே. இது விசாரியாமை. நிலைமை கேடானது என்று பின்னர் அவருக்குத் தெரிந்தது. ஓர் அதிகாரியை அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். அந்த விசாரணையின் பயனாக நடந்தது ஒன்றே ஒன்று: ஒரு கம்பெனித் தலைவர்மீது கைதிகளைக் கொடுமைப்படுத்தியதாக வழக்கு. அவ்வளவுதான், வேலை தொடர்ந்தது, சாவும் தொடர்ந்தது. இது தெரிந்த பிறகு செய்தது. வார்த்திகன் முன் வீழ்ந்த மன்னனையும், ஒரு கம்பெனித் தலைவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிய பிரதமரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாண்டியனுக்கு ஒரு பொற்கொல்லன் கிடைத்திருந்தும் அவன் அந்தப் பொற்கொல்லனைக் கேடயமாகப் பிடிக்கவில்லை. தோஜோ தமக்குக் கிடைத்த பொற்கொல்லனைப் பயன்படுத்திக்கொண்டார்.

அத்தீர்ப்பிலும் நமக்கு ஒரு குறை உண்டு. வேறோர் இடத்தில் இப்பாதையில் வேலை செய்த சுதேசித் தொழிலாளர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் என்றும், குறைந்தது 60,000 பேர் இறந்தனர் என்றும் அது கூறுகிறது. ஆனால் தோஜோவை இப்பாதைக்காகக் குற்றவாளி ஆக்கும் பத்தியில் வருவோர் போர்க்கைதிகள் மட்டுமே. தூக்குமேடைக்குப் போன வழக்கிலும் நம்மவர் பின்வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அந்த நீதிமன்றத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்த நீதிபதி ராதாபினோத் பால் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் என்பதை நம்மில் பலர் பெருமையோடு சொல்வதுண்டு. வென்றவர் தோற்றவரை விசாரிப்பது நீதியாகுமா என்ற அவர் வினாவை நானும் மதிக்கிறேன். ஹிரோஷிமாவுக்கு எந்த நீதிமன்றமும் கூடவில்லை. ஆனால் இப்பாதையைப் பற்றி அவர் எழுதியதை ஒரு தோட்டத்துத் தமிழன் பெருமையோடு படிக்க முடியாது. கைதிகளை இவ்வேலையில் ஏவியதற்குத் தோஜோவே முழுப் பொறுப்பு என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அஃது அரசின் செயல், ஆதலால் அதற்காக அந்த மனிதரைக் குற்றவாளியாகத் தண்டிக்க இயலாது என்கிறார். அரசின் செயல் என்பது என்ன? அரசு எந்த நாற்காலியில் உட்காரும், எந்தப் பேனாவால் கையெழுத்திடும்? ஆளுக்கும் ஆசனத்துக்கும் இடையே இப்படி ஒரு திரையைக் கட்டலாம் என்பதைப் பாண்டியனிடம் ஒரு வழக்கறிஞர் அன்றே சொல்லியிருந்தால், அவன் பிழைத்திருப்பான், சிலப்பதிகாரம் பிழைத்திருக்காது. தமிழ் மரபு அரசனையும் ஆளையும் பிரிக்க மறுக்கிறது. அரசியலில் தவறினார்க்கு அறமே கூற்றுவனாகும் என்று பதிகம் சொல்லுவது ஆளைத்தான், ஆசனத்தை அன்று. 1945-இல் நூரெம்பர்க் வழக்குக்காக இயற்றப்பட்ட சாசனமும் இவ்வகையில் இளங்கோவின் பக்கமே நிற்கிறது. நாட்டுத் தலைவர் என்ற பதவி காப்பாகாது என்றும், மேலிடத்து ஆணை என்பது விடுதலை தராது என்றும் இரண்டு கதவுகளையும் அது ஒருசேர அடைத்தது.

மறுபக்கத்து நியாயமும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மலாயாவை வென்ற தளபதி யமாஷிட்டா 1946 பிப்ரவரி 23-இல் பிலிப்பைன்சில் தூக்கிலிடப்பட்டார். அங்கே அவர் படையினர் செய்த கொலைகளைத் தடுக்கத் தவறினார் என்பது குற்றச்சாட்டு. அவர் ஆணையிட்டார் என்பதற்கோ அறிந்திருந்தார் என்பதற்கோ போதிய சான்று இன்றியே தண்டித்தனர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் மர்பியும் ரட்லெட்ஜும் அப்போதே மறுப்பு எழுதினர். அவருடைய படையின் தொடர்புகளை அடித்து நொறுக்கியவர்களே, ஏன் உன் படையைக் கட்டுப்படுத்தவில்லை என்று கேட்டனர் என்பது மர்பியின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. அறிய முடியாமற் போனவன் வேறு, அறிய மனமில்லாதவன் வேறு. 1942-இல் சிங்கப்பூரில் சீனரைப் பிரித்தெடுத்துக் கொன்றபோது அதே யமாஷிட்டாவின் தொடர்புகள் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. அதற்காக அவர் விசாரிக்கப்படவே இல்லை. மன்னர் ஹிரோஹிட்டோவை ஒரு நாளும் கூண்டில் நிறுத்தவில்லை. ஜப்பானை அமைதியாக ஆள அவர் தேவை என்று மக்கார்தர் கருதியதால் விடப்பட்டு, 1989 ஜனவரியில் அவர் முதுமையில் இறந்தார். தெற்கே இருந்த படைகள் அனைத்துக்கும் தலைவரான தெராவுச்சி ஹிசாயிச்சி எங்கே இறந்தார் தெரியுமா? நம் பக்கத்து மாநிலமான ஜொகூரின் ரெங்கத்தில். பாரிச வாயுவால் நொடிந்து, பிரிட்டிஷார் காவலில் இருந்தபோது, 1946 ஜூன் 12-இல், வழக்கு எதுவும் நடைபெறாமலே. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். அந்தத் தோட்டத்து லயங்களிலே சயாமுக்குப் போனவருக்காகக் காத்திருந்தவர்கள் அன்று எத்தனை பேரோ!

சிங்கப்பூரில் 1946-இல் நடந்த வழக்கொன்றில், பாதை வேலைக்குத் தலைமை தாங்கிய இஷிடாவுக்குப் பத்தாண்டுச் சிறையும், அவருக்குக் கீழிருந்த கர்னல்கள் இருவருக்குத் தூக்கும் கிடைத்தன. படி மேலே ஏற ஏறத் தண்டனை மெலிவதை உலகம் எங்கும் காணலாம். அதற்காகக் கீழிருந்தோரை விட்டிருக்க வேண்டும் என்பது பொருளன்று.

ஆங்கிலத்தில் எடுத்த திரைப்படத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். 'குவாய் ஆற்றுப் பாலம்' 1957-இல் வெளிவந்தது. படம் பிடித்தது இலங்கையில். ஒரு முகாம் தலைவனும் ஒரு பிரிட்டிஷ் கர்னலும் தன்மானப் போராட்டம் நடத்துவதாகக் கதை. தோஜோ அதில் இல்லை, தமிழனும் இல்லை. நல்ல நடிப்பு, நல்ல சீழ்க்கை. நம் விடயத்தில் அதனிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. நம்மவர் கதையைச் சொல்ல ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்றும் நாவல்கள் எழுதியது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

நம் தோட்டப்புற மொழியையும் சற்றுத் திறனாய்ந்து பார்க்க வேண்டும். சயாம் பாதையில் மாண்டவரைப் பற்றி வீட்டில் எப்படிச் சொல்லுகிறோம்? 'தாத்தா சயாமுக்குப் போனார், வரவில்லை' என்கிறோம். 'போனார்' என்பது தன்வினை. பழனிக்குப் போனவரையும் அப்படித்தான் சொல்லுகிறோம். சற்றுக் கோபமாகச் சொன்னால் 'ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான்' என்போம். எந்த ஜப்பான்காரன்? பெயர் இல்லை. இன்னும் பொதுவாக, 'ஜப்பான்காரன் காலத்திலே' என்று தொடங்கி, மழைக்காலம் வெயிற்காலம் போல அதுவும் ஒரு பருவம் என்ற தொனியில் முடித்துவிடுவோம். பட்டிமன்றத்தின் ஊழ் அணி நம் வீட்டிலேயே ஒவ்வொரு நாளும் வென்றுகொண்டிருக்கிறது.

அந்தத் தன்வினைக்குள் மறைந்திருப்பது என்ன என்பதை நான் சொந்த வீட்டிலேயே அறிவேன். என் தந்தையின் தந்தையார் 1943-இல் ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தார். வெள்ளைத் துரைமார் போய்விட்டனர். ஆபீசுச் சாவி கிராணி கையில். ஜப்பானிய அதிகாரியிடமிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று தொகை வந்தது. பெயர்கள் வரவில்லை, தொகை மட்டுமே வந்தது. தொகையைப் பெயர்களாக மாற்றியவர் என் பாட்டனார். செக்ரோல் ஏட்டைத் திறந்து வைத்து, முதலில் தனிக்கட்டைகள், பிறகு கடன்காரர்கள், பிறகு பெரட்டுக்களத்தில் எதிர்த்துப் பேசியவர்கள் என்று எழுதினாராம். தம் தம்பி தனிக்கட்டை. அவர் பெயர் எழுதப்படவில்லை. இதனை அவரே என் தந்தையாரிடம் முதுமையில் சொன்னார். எழுதாவிட்டால் தம்மைக் கொண்டுபோயிருப்பார்கள் என்றும் சொன்னார். அது பொய்யாக இருக்க வழியில்லை. எழுதப்பட்டவர்களில் சிலரே திரும்பினர். திரும்பாத ஒருவரின் மகள், என் பாட்டனார் இறக்கும்வரை அவரைக் கண்டால் முறை வைத்து 'மாமா' என்றே அழைத்தார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எங்கள் வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி.

தோஜோவுக்கு நம்மவரில் ஒருவர் பெயரும் தெரியாது. கொடுங்கோலர்கள் தொகை கேட்பார்கள். பெயர் கீழேதான் எழுதப்படும். இதை எடுத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, கொன்றவர்கள் கீழே இருந்தவர்கள்தாம்' என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பாட்டனாரின் பேனா நாற்பது பேர் பெயரை எழுதவல்லது. பல்லாயிரம் தோட்டத்தாரைத் தொகையாக்கவும், அத்தொகைக்குக் கெடு வைக்கவும், அந்தக் கெடுவை மழைக்காலத்துக்குள் குறுக்கவும் அதற்கு வலு இல்லை. அவர் எழுத மறுத்திருந்தால் வேறொருவர் எழுதியிருப்பார். தோக்கியோ தொகை கேட்காதிருந்தால் எழுத ஒருவரும் தேவைப்பட்டிருக்க மாட்டார். தோஜோவின் பொறுப்பு முழுமையானது. அதன் நிழலில் என் பாட்டனார் ஒதுங்கி நிற்க முடியுமா என்றால், அதுவும் முடியாது. தம்பியின் பெயரை விட்ட கை எது என்று தோஜோவைக் கேட்டுப் பயனில்லை. கொலைக்களக் காதையில் ஐயுற்றும் நின்ற காவலரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆபீசு மேசைதான் நினைவுக்கு வருகிறது.

கீழே இருந்தவர்களைத் தேடித் தண்டிக்கப் புறப்பட்டால் எங்கே போய் முடியும் என்பதையும் அடிகள் காட்டாமல் விடவில்லை; நாம்தான் அப்பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்து வந்து அரசேற்ற வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிய, ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகிறது. உரைபெறு கட்டுரையிலும் இது வருகிறது. நீர்ப்படைக் காதையிலும் வருகிறது. பொய் சொன்னவன் ஒருவன்; மாண்டவர் ஆயிரவர். ஒரு மன்னன் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். அடுத்த மன்னன் அதை ஒரு தொழில் செய்வோர் அனைவர் தலையிலும் இறக்கிவைத்தான். முன்னவனைப் பாடப்புத்தகத்தில் வைத்திருக்கிறோம். பின்னவன் செய்தது முதற்கொலையைவிடப் பெரிய கொடுமை என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அடிகள் அதனைப் புகழ்ந்தாரா, வெறுமனே பதிந்தாரா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபடலாம். அதை எழுதாமல் விட்டிருக்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது என்பது மட்டும் உறுதி. போர் முடிந்ததும் நம் தோட்டங்களில் சில கங்காணிமாரும் கிராணிமாரும் அடிபட்டதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடித்தவர்களின் வேதனை எனக்கு விளங்குகிறது. அடிபட்டவர்களில் பட்டியல் எழுதியவர் எத்தனை பேர், வெறுமனே கிராணி என்பதற்காக அடிபட்டவர் எத்தனை பேர் என்பதை இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

என் மாணவி பின்னர் ஒருநாள் இன்னொரு கேள்வியும் கேட்டாள். "அந்தப் பொற்கொல்லன் கடைசியில் என்ன ஆனான் ஐயா?" நூலைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். மதுரையில் தீயோரைச் சேர்ந்த தீயில் அவனும் வெந்திருக்கலாம். ஆனால் அவனைத் தனியே பெயர் சுட்டி, இன்னது ஆனான் என்று அடிகள் சொல்லவில்லை. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. வாள் வீசியவன் பெயரும் தெரியாது.

காஞ்சனபுரியிலே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், பெயர் பொறித்து, புல் வெட்டிப் பேணப்படுகின்றன. நம்மவருக்கு அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும், கிராணியின் கையெழுத்தில், செக்ரோல் ஏடாக அது இருந்தது. மலாக்காவின் பழைய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. ஆபீசு அலமாரிகள் எங்கெங்கோ போயின. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தம்பின் பக்கத்தில் கிராணிமாராகவோ கங்காணிமாராகவோ இருந்த குடும்பங்களில் 1942, 1943-ஆம் ஆண்டுகளின் ஏடு ஒன்றிரண்டு பெட்டியடியில் கிடக்கக்கூடும். வெட்கம் கருதி அவற்றை எரித்துவிட வேண்டா. தேசிய ஆவணக் காப்பகத்திலோ, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமோ சேர்ப்பியுங்கள். என் பாட்டனாரின் ஏட்டை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.